திரை உடைந்த போனை வெளியிலிருந்து இயக்குவது எப்படி?

திரை கறுத்துப் போன போனுக்கு யாராவது அழைக்கும்போது மணி அடிக்கிறதென்றால், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படங்கள், வாட்ஸ்அப், தொடர்பு எண்கள் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. உள்ளே எட்டிப் பார்க்கவும் உள்ளே ஒன்றைச் சொல்லவும் நமக்கிருந்த வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அந்த வழியை மவுஸ், மானிட்டர், கணினி ஆகியவற்றைக் கொண்டு வேறொரு பக்கமாகத் திறக்கலாம்.

எது உங்களுக்குத் திறக்கும் என்பது மூன்று கேள்விகளில் இருக்கிறது. படம் தெரிகிறதா? டச் வேலை செய்கிறதா? பூட்டைத் திறக்க முடியுமா? மூன்றாவதுதான் கழுத்தைப் பிடிக்கும். "மவுஸை மாட்டுங்கள், கணினியில் பாருங்கள்" என்று சொல்லும் குறிப்புகள் பல, பூட்டைப் பற்றிப் பேசாமலே முடிந்துவிடும். வரிசையாகச் செய்து பார்த்தும் ஒன்றும் நடக்காமல் போவதற்கு அதுதான் காரணம். இங்கே பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்களைப் பற்றிச் சொல்கிறோம். ஐபோனுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் வருகிறது.

போனை அணைக்காதீர்கள்

ஏதாவது கோளாறென்றால் ஆஃப் செய்து ஆன் செய்வது நமக்குக் கைப்பழக்கம். திரை உடைந்த போனில் அதைச் செய்துவிடக் கூடாது.

ஆண்ட்ராய்டு 10 முதல், அந்தப் பதிப்போடு புதிதாக வெளிவரும் போன்கள் உங்கள் கோப்புகளை மறையாக்கம் செய்துதான் வைக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி உங்கள் பின் எண்ணோடோ பேட்டர்னோடோ பிணைந்தது. போன் புதிதாக ஆன் ஆனதும் ஒருமுறை பின் எண்ணைப் போட்டால்தான் அந்தச் சாவி நினைவகத்துக்கு வரும். அதுவரை கைரேகை செல்லாது. வாட்ஸ்அப் செய்தி வந்து சேராது. சாதாரண அழைப்பு வரும், அலாரம் அடிக்கும், அவ்வளவுதான். நேற்று உடைந்த போன் இன்னும் அணையாமல் இருந்தால் கைரேகை வைத்தே பூட்டைத் திறக்க வாய்ப்பிருக்கிறது. ஒருமுறை அணைந்து எழுந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அணையாமலே இருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போன் பின் எண்ணைக் கேட்கும்.

எனவே முதல் வேலை சார்ஜரில் போடுவது. சார்ஜ் தீர்ந்து தானாக அணைவதும் அணைப்பதும் ஒன்றுதான். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து நீண்ட நேரம் அழுத்திப் பார்க்காதீர்கள். பல போன்களில் அது கட்டாய மறுதொடக்கம். பின்மூடி உப்பியிருந்தாலோ, தொட்டால் வழக்கத்துக்கு மீறிச் சுட்டாலோ சார்ஜரில் போடக் கூடாது. அது பேட்டரி பிரச்சினை, நேரே கடைக்குப் போக வேண்டியது. கண்ணாடிச் சில்லு கையைக் கிழிக்காமல் இருக்க, திரை முழுவதும் அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிடுங்கள். டச் உயிரோடு இருந்தால் டேப்பின் மேலேயே வேலை செய்யும்.

எது உடைந்திருக்கிறது?

நாம் திரை என்று சொல்வது மூன்று அடுக்கு. மேலே கண்ணாடி, அதன் கீழே விரலை உணரும் டச் அடுக்கு, அதற்கும் கீழே படத்தைக் காட்டும் டிஸ்ப்ளே. பழைய போன்களில் டச்சுக்கும் டிஸ்ப்ளேவுக்கும் தனித்தனி பட்டைக் கேபிள் இருந்தது. இப்போது பெரும்பாலும் மூன்றும் ஒரே பலகையாக ஒட்டித்தான் வருகின்றன. கடைக்காரர்கள் 'காம்போ' என்றோ 'ஃபோல்டர்' என்றோ சொல்வது இதைத்தான். ஒட்டி வந்தாலும் சேர்ந்தேதான் கெடும் என்பதில்லை.

சோதிப்பது எளிது. வேறொரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். மணி அடித்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் திசையில் விரலை இழுத்ததும் அழைப்பு இணைந்தால் டச் உயிரோடு இருக்கிறது, டிஸ்ப்ளேதான் போயிருக்கிறது. மணி அடித்தும் எடுக்க முடியாவிட்டால் டச்சும் போயிருக்கலாம். சிம் இல்லாத போனென்றால் வேறொரு கணினியில் உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைத் தேடும் பக்கத்திலிருந்து ஒலி எழுப்பச் சொல்லுங்கள். சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கும். போன் உயிரோடு இருக்கிறது, இணையத்திலும் இருக்கிறது என்ற இரண்டும் ஒரே அடியில் தெரிந்துவிடும்.

படமும் தெரிந்து, யாரும் தொடாமலே திரையில் இங்கும் அங்கும் எதையாவது அழுத்திக்கொண்டே இருந்தால், அது பொய்த் தொடுதல். இது எல்லாவற்றையும்விடத் தொல்லை பிடித்தது. பூட்டுத்திரையில் அதுவாகவே தவறான பின் எண்களைப் போட்டுத் தள்ளும். ஐந்து முறை தவறினால் 30 விநாடி காத்திருக்கச் சொல்வதில் தொடங்கி, காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். சில போன்களில் பல முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் அமைப்பும் உண்டு. ஸ்க்ரீன் கார்டைக் கழற்றி, திரையை உலரத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தித் திரையைத் தூங்க வைத்துவிட்டு, கடையில் டச்சின் கேபிளைக் கழற்றச் சொல்வதே நல்லது.

ஒரு நிமிடம் நின்று இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களுக்கு வேண்டியது போனா, அதிலிருக்கும் ஏதோ ஒன்றா? படங்கள் கூகுள் போட்டோஸில் ஏற்கெனவே ஏறியிருக்கலாம்; தொடர்பு எண்கள் கணக்கோடு ஒத்திசைந்திருக்கலாம். கணினியில் திறந்து பாருங்கள். மெமரி கார்டு போட்டிருந்தால் தட்டோடு உருவி எடுத்தால் வேலை முடிந்தது. இதிலேயே நிறைவடைந்துவிட்டால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

படம் தெரிகிறது, டச் இல்லை: மவுஸ் போதும்

இருப்பதிலேயே சுலபமான நிலைமை. ஓடிஜி அடாப்டர் (போனின் சார்ஜர் துளையில் மவுஸ் போன்ற யூஎஸ்பி கருவிகளை மாட்ட உதவும் சிறு இணைப்பான்) ஒன்றும் சாதாரண மவுஸ் ஒன்றும் போதும். அடாப்டரைப் போனில் செருகி மவுஸை மாட்டியதும், கணினியில் வருவது போலவே திரையில் ஓர் அம்புக்குறி வரும். இடது சொடுக்கு விரல் தொடுதலுக்குச் சமம்; வலது சொடுக்கு பெரும்பாலான போன்களில் 'பேக்'. பேட்டர்ன் போட, இடது பட்டனை விடாமல் அழுத்தியபடி புள்ளிகளின் மேல் இழுக்க வேண்டும். மேலே அறிவிப்புப் பட்டையை இறக்குவதும் அதே முறையில்தான்.

அம்புக்குறி வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஓப்போ, ரியல்மீ, ஒன்பிளஸ், விவோ போன்களில் ஓடிஜி வசதி வழக்கமாக அணைந்தே கிடக்கும். செட்டிங்ஸில் போய் இயக்கினால்தான் உண்டு, அதுவும் கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாக அணைந்துவிடும் மாடல்கள் இருக்கின்றன. டச்சே இல்லாதபோது செட்டிங்ஸுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. குரல் உதவியாளர் உங்கள் குரலுக்கு எழுமானால் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் அடாப்டர். டைப்-சி அடாப்டருக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கும். 'இந்தப் பக்கம் ஒரு கருவி வந்திருக்கிறது, நீ மின்சாரம் கொடு' என்று போனுக்குச் சொல்வது அதுதான். பழைய மைக்ரோ யூஎஸ்பியில் ஐந்து ஊசிகளில் ஒன்றைத் தரையோடு இணைத்து இதே வேலையைச் செய்தார்கள். மலிவான சில அடாப்டர்களில் இந்த இணைப்பு சரியாக இருக்காது, போன் கண்டுகொள்ளாது. கடையில் வாங்கும்போதே வேறொரு போனில் மாட்டி மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, மவுஸே. வண்ண விளக்கெல்லாம் மின்னும் கேமிங் மவுஸ் அதிக மின்சாரம் கேட்கும்; போன் அதை மறுத்துவிடலாம். பழைய கம்பி மவுஸோ, குட்டி ரிசீவர் கொண்ட வயர்லெஸ் மவுஸோ பிரச்சினை தராது.

போனில் இருப்பது ஒரே துளை என்பதை இப்போதே மனதில் வையுங்கள். அதில் மவுஸ் இருந்தால் சார்ஜர் மாட்ட முடியாது, கணினியையும் மாட்ட முடியாது. சார்ஜருக்கும் சேர்த்து இடம் கொடுக்கும் டைப்-சி ஹப் ஒன்று இருந்தால் நிதானமாக வேலை செய்யலாம். அது இல்லாவிட்டால் ஒரு தந்திரம்: கம்பி மவுஸை வைத்துக்கொண்டே புளூடூத் மவுஸ் ஒன்றை இணைத்துவிடுங்கள். அதன்பின் கம்பி மவுஸைக் கழற்றினால் துளை காலியாகிவிடும்.

படம் போய்விட்டது: மானிட்டரில் காட்ட முடியுமா?

சில போன்கள் டைப்-சி துளை வழியாகவே படத்தை வெளியே அனுப்பும். டிஸ்ப்ளேபோர்ட் மாற்று முறை என்று இதற்குப் பெயர். 2017இல் வந்த கேலக்ஸி எஸ்8 தொடங்கி சாம்சங்கின் எஸ் வரிசையிலும், ஒன்பிளஸ் 7 ப்ரோ போன்ற உயர்விலைப் போன்களிலும் இது இருக்கிறது. கூகுள் பிக்சலில் 8ஆம் வரிசையிலிருந்துதான் வந்தது. எச்டிஎம்ஐ உள்ள டைப்-சி ஹப் ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் டிவியையும் மறுபக்கம் மவுஸையும் கீபோர்டையும் மாட்டினால் போன் ஒரு குட்டிக் கணினியாகிவிடும்.

ஆனால் நம் கைகளில் அதிகம் புழங்குவது குறைந்த விலை, நடுத்தர விலைப் போன்கள். அவற்றின் துளை டைப்-சி வடிவத்தில் இருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2.0, படம் வெளியே வராது. துளையின் உருவத்தைப் பார்த்து முடிவு கட்டி ஆயிரக்கணக்கில் ஹப் வாங்கிவிட்டு ஏமாறுவது இங்கேதான். உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யூஎஸ்பி 2.0 என்று மட்டும் போட்டிருந்தால் ஆண்ட்ராய்டில் இந்த வழியை மறந்துவிடலாம். வைஃபை வழியாக டிவியில் காட்டுவதும் உதவாது, அதைத் தொடங்கவே திரையில் தொட வேண்டும்.

கணினியில் போனைப் பார்ப்பது

ஆண்ட்ராய்டில் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்றொரு மறைவான பகுதி உண்டு. 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் திறக்கும். அதற்குள் 'யூஎஸ்பி டீபகிங்' என்றொரு சுவிட்ச். அது இயங்கும் போனோடு கேபிள் வழியாகப் பேசும் கருவிக்கு ஏடிபி என்று பெயர். கூகுளே இலவசமாகத் தருகிறது. அந்த ஏடிபியின் மேல் ஏறி உட்கார்ந்து, போனின் திரையை அப்படியே கணினியில் ஒரு சன்னலாகக் காட்டி, மவுஸாலும் கீபோர்டாலும் இயக்க விடுவதுதான் 'ஸ்க்ரீன் காப்பி'. ஜெனிமொபைல் என்ற நிறுவனம் 2018இல் வெளியிட்ட திறமூல மென்பொருள். கோப்பின் பெயர் எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்ற ஆறு ஆங்கில எழுத்துகள். ஆண்ட்ராய்டு 5.0 முதல் எந்தப் போனிலும் ஓடும், ரூட் (போனின் முழு நிர்வாக அதிகாரத்தைத் திறப்பது) தேவையில்லை, போனில் எதையும் நிறுவிவிட்டுப் போவதுமில்லை. கிட்ஹப் தளத்தில் ஜெனிமொபைல் பக்கத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கான ஜிப் கோப்பிலேயே ஏடிபியும் சேர்ந்து வரும்.

ஜிப்பை விரித்து, அந்த அடைவில் ஒரு கட்டளைச் சன்னலைத் திறந்து, போனைக் கேபிளால் இணைத்து, 'ஏடிபி டிவைசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பதில்தான் உங்கள் தலையெழுத்து. போனின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் 'டிவைஸ்' என்று வந்தால் எல்லாம் கூடிவந்துவிட்டது; ஸ்க்ரீன் காப்பியை ஓட்டினால் உடனே படம் வரும். 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் டீபகிங் இயங்குகிறது, ஆனால் இந்தக் கணினியைப் போன் இன்னும் நம்பவில்லை. உடைந்த திரைக்குள் 'அனுமதிக்கவா?' என்றொரு பெட்டி உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றுமே வராவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பவர் பேங்கோடு வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிதான் இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. கேபிளை மாற்றியும் வராவிட்டால் பெரும்பாலும் டீபகிங் இயக்கத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அனுமதிப் பெட்டி ஆண்ட்ராய்டு 4.2.2 முதல் இருக்கிறது. கணினியில் ஒரு சாவிக் கோப்பு உருவாகும், போன் அதை ஏற்று நினைவில் வைக்கும். முன்பு எப்போதோ இந்தப் போனை ஏடிபியில் இணைத்த பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். சாவி அதில்தான் இருக்கிறது. பயனர் அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் 'ஆண்ட்ராய்டு' அடைவில் 'ஏடிபிகீ' என்ற கோப்பாக இருக்கும், புதுக் கணினிக்கு நகலெடுத்தும் பயன்படுத்தலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 11 முதல், ஏழு நாள் இணைக்காத கணினியின் அனுமதியைப் போன் தானாகவே ரத்து செய்துவிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அந்தக் கெடுவை நிறுத்தி வைத்திருந்தால்தான் தப்பும்.

படம் வந்துவிட்டால் மீதி சுகமான வேலை. வலது சொடுக்கு 'பேக்', நடுச் சக்கரத்தை அழுத்தினால் 'ஹோம்'. இடது ஆல்ட் விசையோடு எச் ஹோமுக்கு, எஸ் சமீபத்திய செயலிகளுக்கு, என் அறிவிப்புகளுக்கு. கட்டளையோடு ஒரு கோடும் பெரிய எஸ்ஸும் சேர்த்தால் போனின் சொந்தத் திரை அணைந்திருக்க, கணினியில் மட்டும் படம் ஓடும். உடைந்த டிஸ்ப்ளே வீணாகச் சூடாகாது. சிறிய டபிள்யூ சேர்த்தால் கேபிள் மாட்டியிருக்கும்வரை போன் தூங்காது. படம் திக்கினால் அதே போல ஒரு கோடும் சிறிய எம்மும் போட்டு 1024 என்று அளவைக் குறைத்துக் கொடுங்கள். போனின் ஒலியும் கணினியில் வர வேண்டுமானால் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

படம் தெரிகிறது, சொடுக்கினால் எதுவும் நகரவில்லை என்றால் அது பெரும்பாலும் ஷாவ்மி, ரெட்மி, போக்கோ போனாக இருக்கும். அவற்றில் டீபகிங்குக்குக் கீழே 'செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்று அடைமொழியோடு இன்னொரு டீபகிங் சுவிட்ச் உண்டு. அதையும் இயக்கினால்தான் வெளியிலிருந்து வரும் சொடுக்குகளைப் போன் ஏற்கும்; இயக்குவதற்கு ஷாவ்மியின் மி கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். வங்கிச் செயலியைத் திறந்ததும் சன்னல் கறுத்துவிட்டால் பயப்படாதீர்கள். நகல் எடுக்க விடாதபடி அந்தச் செயலியே திரையை மறைக்கிறது, கோளாறில்லை.

சில போன்களில் பூட்டுத்திரையின் எண் பலகையும் இப்படிக் கறுப்பாகவே வரும். அப்போது ஏடிபி வழியாகவே பின் எண்ணைக் கொடுக்கலாம். 'ஏடிபி ஷெல் இன்புட்' என்று தொடங்கி, 'கீஈவென்ட் 224' என்றால் போன் விழிக்கும். 'கீஈவென்ட் 82' என்றால் எண் கேட்கும் பக்கம் வரும். 'டெக்ஸ்ட்' என்று போட்டுப் பின் எண்ணைத் தட்டி, கடைசியாக 'கீஈவென்ட் 66' என்றால் என்டர். நான்கு வரிகள், பூட்டு திறந்துவிடும். 26 என்பது பவர் பட்டன். ஏற்கெனவே விழித்திருக்கும் போனில் அதைக் கொடுத்தால் தூங்கிவிடும். அதனால் 224தான் பாதுகாப்பு.

டீபகிங்கை இயக்கவே இல்லையென்றால்

பெரும்பாலானோர் நிலைமை இதுதான். பில்டு நம்பரை ஏழு முறை தட்டும் வேலையைத் திரை நன்றாக இருக்கும்போது யார் செய்து வைக்கிறார்கள்?

படம் தெரிந்து டச் மட்டும் இல்லாதவர்களுக்குக் கவலையில்லை. மவுஸால் போய் டீபகிங்கை இயக்கி, மேலே சொன்ன புளூடூத் மவுஸால் அனுமதிப் பெட்டியைச் சொடுக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் 'வயர்லெஸ் டீபகிங்' இருப்பதால், மவுஸைக் கழற்றாமலே அதே வைஃபையில் இருக்கும் கணினியை ஆறு இலக்க எண் கொண்டு இணைத்துக்கொள்ளவும் முடியும்.

படம் இல்லாமல் டச் மட்டும் இருந்தால், காதால்தான் பார்க்க வேண்டும். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால், அந்தக் குறுக்குவழி இயக்கத்தில் உள்ள போன்களில் 'டாக்பேக்' எழுந்து பேசத் தொடங்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் வசதி இது. விரலை எங்கே வைத்தாலும் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும். இரட்டைத் தட்டு தட்டினால் அது தேர்வாகும். அதே மாடல் போன் ஒன்றை நண்பரிடமிருந்து கடன் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்தப் பட்டன் எங்கே என்று பார்த்து இங்கே குருட்டாம்போக்கில் அழுத்தலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

படமும் இல்லை, டச்சும் இல்லை என்றால் கீபோர்டு. ஓடிஜியில் மாட்டி, என்டரையோ ஸ்பேஸையோ தட்டி விழிக்கச் செய்து, பின் எண்ணைத் தட்டி மறுபடி என்டர். பூட்டு திறக்கும் 'டிக்' ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். பேட்டர்ன் போட்டவர்களுக்கு இது உதவாது. எண்ணாக வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். டாக்பேக்கும் எழுந்துவிட்டால் டேப், அம்பு விசைகளால் நகர்ந்து நகர்ந்து செட்டிங்ஸ் வரை போக முடியும்.

மேலே சொன்ன ஒரே துளைப் பிரச்சினை இங்கேதான் வந்து நிற்கும். கணினியை மாட்டினால்தான் அனுமதிப் பெட்டி வரும், ஆனால் கணினியை மாட்டக் கீபோர்டைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரீன் காப்பியில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதை ஓடிஜி முறையில் ஓட்டினால் படம் எதுவும் வராது. ஆனால் கணினியின் கீபோர்டும் மவுஸும் போனில் நேரடியாக மாட்டியது போலவே, அதே கேபிள் வழியாக வேலை செய்யும். டீபகிங் தேவையில்லை. அனுமதிப் பெட்டியில் 'எப்போதும் அனுமதி' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு 'அனுமதி'க்குப் போக எத்தனை முறை டேப் அழுத்த வேண்டும் என்பது போனுக்குப் போன் மாறும்; ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி முயன்று, ஒவ்வொரு முறையும் 'ஏடிபி டிவைசஸ்' கொடுத்துப் பாருங்கள். விண்டோஸில் மட்டும் ஏடிபியும் ஓடிஜி முறையும் ஒரே நேரத்தில் போனைப் பிடித்துக்கொள்ள முடியாது, ஒன்று மற்றதைத் தள்ளிவிடும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டினால் இந்தத் தகராறு இல்லை.

இத்தனையும் படித்து மலைப்பாக இருக்கிறதா? அப்படியானால், தெரிந்த சர்வீஸ் கடையில் ஒரு வேலை கேளுங்கள். திரையை மாற்ற வேண்டாம், உங்கள் மாடலுக்கான பழைய காம்போ ஒன்றைப் பசை போடாமல் கேபிளில் மட்டும் மாட்டித் தரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். அதற்குள் பூட்டைத் திறந்து, டீபகிங்கை இயக்கி, கூடவே கொண்டுபோன உங்கள் மடிக்கணினிக்கு அனுமதி கொடுத்துவிட்டால், காம்போவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். பின் எண்ணை நீங்களே போடுங்கள், கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றித்தான் காம்போவை மாட்டுவார்கள் என்பதால் போன் அணைந்து எழும். கைரேகை செல்லாது, பின் எண் நினைவில் இருந்தாக வேண்டும். எங்கள் கணக்கில், டீபகிங் இல்லாத முழு இருட்டுப் போனுக்கு இதைவிடக் குறைந்த தலைவலி கொண்ட வழி வேறில்லை.

சாம்சங் போனுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் சாம்சங் சேவையில் 'ரிமோட் அன்லாக்' என்பதை முன்பே இயக்கி வைத்திருந்தால், சாம்சங் கணக்கில் நுழைந்து இணையம் வழியாகவே பூட்டை நீக்கச் சொல்லலாம். போன் இணையத்தில் இருக்க வேண்டும்.

ஐபோன்

ஐபோனில் டீபகிங் போன்ற பின்வாசல் இல்லை. கீபோர்டை மாட்டிக் கடவு எண்ணைத் தட்டலாம். ஆனால் 2018இல் வந்த ஐஓஎஸ் 11.4.1 முதல், பூட்டி ஒரு மணி நேரம் ஆன ஐபோன், யூஎஸ்பியில் மாட்டும் கருவிகளை மதிக்காது. உடைந்த உடனே செய்தால் உண்டு. ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியிடம் ஆங்கிலத்தில் 'டர்ன் ஆன் வாய்ஸ்ஓவர்' என்று சொன்னால் திரையில் இருப்பதை வாசிக்கத் தொடங்கும். ஐபோன் 15 முதல் டைப்-சி வழியாகப் படம் வெளியே வரும். பழைய லைட்னிங் போன்களுக்கு ஆப்பிளின் எச்டிஎம்ஐ அடாப்டர் வேண்டும். ஐகிளவுட் காப்பு இயக்கத்தில் இருந்தால் இவை எதுவுமே வேண்டாம்: தெரிந்த வைஃபை இருக்கும் இடத்தில், இரவு முழுதும் சார்ஜரில் போட்டு வையுங்கள். பூட்டிய நிலையிலேயே அது காப்பெடுக்கும்.

நம்பக் கூடாதவை

'உடைந்த ஆண்ட்ராய்டிலிருந்து ஒரே சொடுக்கில் மீட்பு' என்று விற்கும் கட்டண மென்பொருள்கள் நிறைய. அவற்றின் ஆதரவுப் பட்டியலைத் திறந்து பார்த்தால் பத்து வருடப் பழைய சாம்சங் மாடல்கள்தான் இருக்கும். மற்ற போன்களுக்கு அவை கேட்பதும் டீபகிங்கையும் அனுமதியையும்தான். அவை இரண்டும் இருந்தால் இலவசக் கருவியே போதும்.

இன்னொன்று, பிளே ஸ்டோரின் இணையப் பக்கத்திலிருந்து தொலை இயக்கச் செயலி ஒன்றைப் போனுக்கு அனுப்பி நிறுவச் சொல்வார்கள். நிறுவப்படும், உண்மைதான். ஆனால் திரையைப் பகிர 'சம்மதம்' என்று போனில்தான் தொட வேண்டும். இந்த வகைச் செயலிகளை வைத்து யூபிஐ பணத்தை உருவும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. உதவுகிறேன் என்று போனில் பேசுபவர் கேட்டாலும், அந்தச் செயலி காட்டும் ஒன்பது இலக்க எண்ணை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

உள்ளே போன பிறகு

படங்களை எடுப்பது எளிது. பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பட்டையில் யூஎஸ்பி வரியைத் தொட்டு, 'சார்ஜ் மட்டும்' என்பதைக் 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்றினால் போன் கணினியில் ஓர் அடைவாகத் தெரியும். ஏடிபி இருந்தால் 'புல்' கட்டளையில், கேமரா படங்கள் இருக்கும் 'டிசிஐஎம்' அடைவை மொத்தமாக இழுத்துவிடலாம். ஆயிரக்கணக்கான படங்களுக்கு இதுவே நம்பகமானது.

வாட்ஸ்அப்பில் வரிசை முக்கியம். சிம்மை எடுத்துப் புதுப் போனில் போட்டு, ஓடிபி வாங்கி வாட்ஸ்அப்பைத் தொடங்கிவிட்டால் பழைய போனில் அது வெளியேறிவிடும். அதன்பின் அதற்குள் போய்க் காப்பெடுக்க முடியாது. எனவே முதலில் பழைய போனில் 'சாட் பேக்கப்' எடுத்து முடித்துவிட்டு, அதன்பிறகே சிம்மில் கை வைக்க வேண்டும். உள்ளே நுழைந்து பேக்கப் எடுக்க முடியாமல் போனாலும் முழுதும் போகாது. வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணி வாக்கில் உள்நினைவகத்திலேயே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. 'ஆண்ட்ராய்டு' அடைவுக்குள் 'மீடியா' அடைவில் வாட்ஸ்அப்பின் பெயரில் இருக்கும் மொத்த அடைவையும் நகலெடுத்து, புதுப் போனில் அதே இடத்தில் வைத்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பை நிறுவினால் மீட்கவா என்று அதுவே கேட்கும்.

எல்லாம் எடுத்தாகிவிட்டதென்று போனை விற்கவோ பரிமாற்றத்தில் கொடுக்கவோ போகிறீர்களென்றால், கணினிச் சன்னல் வேலை செய்யும்போதே செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே முழுதும் அழியுங்கள். கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்தி ரிகவரி என்ற மீட்புப் பக்கத்தில் போய் அழித்தால், அடுத்து ஆன் ஆகும்போது போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அங்கேயே நின்றுவிடும். அழித்த பிறகு டீபகிங்கும் இருக்காது, அதைச் சரிசெய்ய உங்களிடம் திரையும் இருக்காது.